மெத்தைக்குள்ளே மெக்கானிக்ஸ்!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)

மெத்தையைப் பற்றி மலரில் ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே! ரோபோவைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் எழுத நம் மாணவர் மன்றத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ரோபோவை நாம் எந்தக் காலத்தில் வாங்கப் போகிறோமோ தெரியாது. மெத்தையை எப்படியும் ஒருநாள் வாங்கத்தான் போகிறோம். அதுவும் ஹாஸ்டலில் நடுவில் பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தையில் மூன்று வருடம் புரண்டவர்களுக்கு இந்தக் கட்டுரை கட்டாயம் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

நான் இந்த விஷயத்தில் இறங்கியதற்குக் காரணம் என் அக்காவின் கல்யாணம். எங்கள் ஆம்பூர்ப் பக்கம் சீர்வரிசையில் பீரோ, கட்டில், மெத்தை மூன்றும் கட்டாயம். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது" என்று பெருந்தன்மையாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார், வாசலில் செருப்பு மாட்டும்போது "மெத்தை மட்டும் ஸ்பிரிங்கா பாத்துக்குங்க" என்றார்கள். (சீர் கேட்பது சரியா தவறா என்பதைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுகிறேன்.) அப்பா பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் டிரம்மில் வேலை செய்கிறவர். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். சீட்டு எடுத்த பணத்தில் மெத்தைக்கென்று ஒதுக்கியது 25 ஆயிரம் ரூபாய். அதற்குள் அக்காவுக்கு ஸ்பிரிங் மெத்தையும் வரவேண்டும். பல வருடமாகக் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்திருக்கும் அம்மாவுக்கும் ஏதாவது ஒன்று வரவேண்டும். "நீதான் மெஷின் படிக்கிறியே, நீயே பாத்து சொல்லுடா" என்று அப்பா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே பாட்டுத்தான்: "இது லக்ஸுரி தம்பி, ஆர்த்தோ தம்பி, ஃபைவ் ஸ்டார் ஓட்டல்ல போடறது தம்பி." விலை மட்டும் ஆறாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் தெளிவாக வராது. அதனால் நாமே உள்ளே போய்ப் பார்ப்போம்.

நம் தாத்தா பாட்டிகள் கோரைப் பாயில் படுத்தவர்கள். வசதி உள்ள வீட்டில் இலவம் பஞ்சு மெத்தை இருந்தது. பஞ்சு வெயிலில் போட்டால் உப்பும், ஆறு மாதத்தில் மறுபடி அமுங்கும். 1960களில் தேங்காய் நாரை ரப்பர் பால் தெளித்துப் பலகை போல அழுத்தி மெத்தை செய்யும் தொழில் நம் தென்னிந்தியாவில் வளர்ந்தது. கர்நாடகத்தில் கர்லான், கேரளத்து ஆலப்புழையில் டியூரோஃபிளெக்ஸ் இரண்டும் அந்தக் காலத்துப் பெயர்கள். அதற்குப் பிறகு ஃபோம் வந்தது. ஸ்பிரிங் மெத்தை நம் வீடுகளுக்குள் வந்தது கடைசியாகத்தான். இன்று கோயம்புத்தூரிலேயே பெப்ஸ் என்ற கம்பெனி செய்கிறது.

ஆனால் ஸ்பிரிங் மெத்தை என்பது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஜெர்மனியில் ஹைன்ரிச் வெஸ்ட்ஃபால் என்பவர் 1871-லேயே செய்ததாகச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஜேம்ஸ் மார்ஷல் என்ற நம்ம இனத்தவர் (மெக்கானிக்கல் இன்ஜினியர் என்பதைச் சொல்கிறேன்!) கனடாவில் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனித் துணிப்பையில் போட்டுத் தைத்தார். இன்று கடையில் "பாக்கெட் ஸ்பிரிங், லேட்டஸ்ட் டெக்னாலஜி" என்று சொல்வது நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்த ஐடியாதான். கையால் தைத்துக் கட்டுப்படியாகாமல் இருந்ததை, 1925 வாக்கில் அமெரிக்காவின் சிம்மன்ஸ் கம்பெனி மெஷினில் செய்து விலையைக் குறைத்தது.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். மெஷின் டிசைன் பேப்பரில் நாம் மனப்பாடம் செய்து எழுதிய ஃபார்முலா ஞாபகம் இருக்கிறதா? சுருள் ஸ்பிரிங்கின் ஸ்டிஃப்னெஸ் = ரிஜிடிட்டி மாடுலஸ் × கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கு ÷ (8 × சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு × சுற்றுகளின் எண்ணிக்கை). பரீட்சைக்குப் பிறகு இதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். மெத்தைக் கடையில்தான் இதன் அருமை தெரிந்தது.

நல்ல கடையில் மெத்தையைக் குறுக்கே வெட்டிய ஒரு மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள். வாணியம்பாடியில் ஒரு கடையில் அதைக் கேட்டு வாங்கி, பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். கடைக்காரர் ஒரு நிமிடம் அரண்டுவிட்டார். "இன்னா தம்பி, செக்கிங்கா?" என்றார். "இல்ல பாய், ஸ்டூடண்ட்டு" என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார். (பாயிடம் போய்ப் பாய்க்குப் பதில் மெத்தை கேட்கிற ஊர் எங்கள் ஊர்!)

கம்பி 2 மி.மீ., சுருளின் விட்டம் 6 செ.மீ., சுற்று ஐந்து. எஃகின் ரிஜிடிட்டி மாடுலஸ் ஒரு சதுர மி.மீட்டருக்குச் சுமார் 80,000 நியூட்டன். கணக்குப் போட்டால், ஒரு ஸ்பிரிங் ஒரு செ.மீ. அமுங்க ஏறக்குறைய 150 கிராம் பாரம் வேண்டும். 60 கிலோ ஆள் மல்லாந்து படுத்தால் அவர் உடம்புக்குக் கீழே சுமார் 150 ஸ்பிரிங் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 400 கிராம், சராசரியாக 2.7 செ.மீ. இறங்கும். இடுப்புப் பக்கம் கனம் அதிகம், அங்கே பாரம் இரட்டிப்பு என்றால் 5 செ.மீ.க்கு மேல். பைக்குள் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கித்தான் தைப்பார்கள் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் கணக்கு சொல்வது என்னவென்றால், ஒரே மெத்தை உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு அளவு இறங்குகிறது; அப்படி இறங்கினால்தான் அது நல்ல மெத்தை.

இப்போது கேஜ் விஷயம். 13 கேஜ் கம்பி 2.34 மி.மீ., 14 கேஜ் 2.03 மி.மீ. (நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும், அதை மறந்துவிடாதீர்கள்.) வித்தியாசம் 0.31 மி.மீ. தான், கையால் தடவினால் தெரியாது. ஆனால் நான்காம் அடுக்கில் ஏற்றினால் ஸ்டிஃப்னெஸ் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு! ஆகவே "எங்க மெத்தையில ஆயிரம் ஸ்பிரிங் இருக்குது" என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம். 75-க்கு 60 அங்குல மெத்தையில் 6 செ.மீ. ஸ்பிரிங் வைத்தால் 775-தான் பிடிக்கும். ஆயிரம் வைக்க வேண்டுமென்றால் சுருளைச் சிறிதாக்க வேண்டும், கம்பியையும் மாற்றியிருப்பார்கள். எண்ணிக்கையை மட்டும் தனியாகச் சொன்னால், செருப்பில் எத்தனை தையல் என்று எண்ணி விலை பேசுவது போலத்தான். கம்பி என்ன கேஜ், எத்தனை சுற்று, ஸ்பிரிங்கின் உயரம் என்ன என்று கேளுங்கள். நான் ஏறிய கடைகளில் இரண்டில்தான் பதில் சொன்னார்கள். அந்த இரண்டையும் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஸ்பிரிங் மெத்தையில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று போனல். உடுக்கை மாதிரி நடுவில் இடுங்கி, மேலும் கீழும் அகன்ற ஸ்பிரிங். எல்லாவற்றையும் பக்கத்துக்குப் பக்கம் சுருள் கம்பியால் பின்னியிருப்பார்கள். அகன்ற சுருள் முதலில் அமுங்கும், இடுங்கிய நடுப்பகுதி பிறகு தாங்கும். இங்கேயும் அதே ஃபார்முலாதான், சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு செய்கிற வேலை. விலை குறைவு, உறுதியானது. குறை என்னவென்றால் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஒரு மூலையில் ஆள் உட்கார்ந்தால் அடுத்த மூலையில் படுத்திருப்பவர் ஆடுவார். இரண்டாவது பாக்கெட் ஸ்பிரிங். ஒவ்வொன்றும் தன் பையில் தன் வேலையைப் பார்க்கும்.

இது எங்கள் வீட்டுக் கேஸில் ரொம்ப முக்கியம். அக்கா 45 கிலோ, மாப்பிள்ளை 88 கிலோ. அதோடு அவருக்கு ஷிஃப்ட் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிளம்புவார். போனல் மெத்தையில் அவர் பக்கம் பள்ளமாகி அக்கா அந்தப் பக்கம் உருண்டுகொண்டே இருப்பாள். நாலு மணிக்கு அவர் எழும்போது அக்காவுக்கும் தூக்கம் போச்சு. எடை வித்தியாசம் இவ்வளவு இருந்தால், 36 அங்குல மெத்தை இரண்டை வேறு வேறு கேஜில் வாங்கிச் சேர்த்துப் போடுவதுதான் சரியான இன்ஜினியரிங். வீட்டில் இதைச் சொன்னேன். "புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு ரெண்டு மெத்தையா? வாயைக் கழுவுடா!" என்று அத்தை எழுந்தே விட்டார். எனவே ஒரே மெத்தை, பாக்கெட் ஸ்பிரிங் என்று முடிவாயிற்று.

அடுத்து, கெட்டியா மெத்தென்றா? "முதுகு வலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து" என்பது நம் ஊர் வேதவாக்கு. கட்டையாகக் கெட்டியாக ஒரு மெத்தை செய்து அதன்மேல் "ஆர்த்தோ" என்று ஒட்டிவிட்டால் இரண்டாயிரம் கூட வாங்கலாம். 2003-ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்குப் பாதிப் பாதியாகக் கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து, யாருக்கு எது என்று சொல்லாமல், 90 நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். லான்செட் பத்திரிகையில் வந்த முடிவு: நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. கட்டாந்தரை கட்சிக்குத் தோல்வி.

ஏன் அப்படி என்பதற்கு நம் வேலூரிலேயே விளக்கம் இருக்கிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி.க்கு 1946-ல் டாக்டர் பால் பிராண்ட் வந்தார். நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் பாதம் ஏன் புண்ணாகிறது என்று ஆராய்ந்து, உணர்ச்சியற்ற காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் காரணம் என்று கண்டார். அதற்காக வேலூரிலும் கரிகிரியிலும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு செய்தார்கள். பாதத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ரப்பர் அமுங்கி, பாரத்தைப் பரத்திவிடும். நம் ஃபுட்வேர் பிரிவு நண்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தை என்பது முழு உடம்புக்கும் போட்ட இன்சோல்!

அதே மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தவர். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்ததற்கு அவர்தான் காரணம். தண்டுவடம் அடிபட்டவர்களை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்களே, ஏன் தெரியுமா? எலும்பு துருத்தும் இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்று படுக்கைப் புண் வரும். நுண்ணிய ரத்தக் குழாயை மூட, சுமார் 32 மி.மீ. பாதரச அழுத்தம் போதும் என்பார்கள். முன்பு சொன்ன 60 கிலோ ஆள், பாரம் சமமாகப் பரவினால், ஒரு சதுர செ.மீ.க்கு 11 கிராம்தான், அதாவது 8 மி.மீ. பாதரசம். கட்டாந்தரையில் அதே ஆள் பின்தலை, தோள்பட்டை, பிட்டம், குதிகால் என்று நாலைந்து மேடுகளில் நிற்பார். அங்கெல்லாம் அளவு 32-ஐத் தாண்டிவிடும். நல்ல உடம்புக்காரர் தூக்கத்திலேயே புரண்டு தப்பித்துக்கொள்கிறார். புரண்டு புரண்டே விடிந்தும்விடுகிறது.

அதற்காக மெத்தென்று உள்ளே போனால் நல்லதா? அதுவும் இல்லை. இடுப்பு தொட்டில் மாதிரி தொங்கும். முதுகெலும்பு நேராக இருக்கவேண்டும், அதுதான் அளவுகோல். இதைப் பார்க்க ஹாஸ்டலில் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒருக்களித்துப் படுப்பவனின் முதுகெலும்பு நெடுக, கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஏழு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, பின்னாலிருந்து செல்போனில் படம் எடுத்தோம். பொட்டெல்லாம் ஒரே கோட்டில் வந்தால் மெத்தை அவனுக்குப் பொருத்தம். நடுப்பொட்டு கீழே போனால் மெத்தை மிருது. தோள் இறங்க இடமில்லாமல் கோடு வளைந்தால் கெட்டி. ஹாஸ்டல் மெத்தையில் வந்த படத்தைப் பார்த்தால் ஏலகிரி மலைப் பாதை மாதிரி இருந்தது!

ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தோளும் இடுப்பும் இறங்க வேண்டும். மேலே இரண்டு அங்குலமாவது மிருதுவான அடுக்கு உள்ள, நடுத்தர மெத்தை நல்லது. மல்லாந்து படுப்பவர் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்க்கலாம். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி, போகவே மறுத்தால் மிருது, உரசிக்கொண்டு போனால் சரி. குப்புறப் படுப்பவருக்குக் கொஞ்சம் கெட்டி வேண்டும், இல்லாவிட்டால் வயிறு இறங்கி இடுப்பு ஒடியும். ஒல்லியானவருக்குக் கடைக்காரர் சொல்கிற "மீடியம்" கெட்டியாகத்தான் தெரியும், ஏனென்றால் ஸ்பிரிங்கை அமுக்க அவரிடம் பாரம் இல்லை. கனத்த உடம்புக்காரருக்கு அதே மீடியம் மிருது. ஆகவே அட்டையில் எழுதியதைப் பார்த்து வாங்க முடியாது, படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வயதானவர்களுக்கு இன்னொரு விஷயம்: மெத்தையின் ஓரம் உறுதியாக இருக்க வேண்டும், ஓரத்தில் உட்கார்ந்துதான் அவர்கள் எழுந்திருப்பார்கள். கைக்குழந்தையை மட்டும் இந்தச் சொகுசில் எல்லாம் போடக்கூடாது. சமமான கெட்டிப் படுக்கைதான் அதற்குப் பத்திரம்.

படுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். கடையில் நாலு ஆண்கள் நிற்கும்போது அக்காவும் அம்மாவும் எப்படிப் படுப்பார்கள்? முதல் தடவை போனபோது இருவரும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்குது" என்று வந்துவிட்டார்கள். கையால் அமுக்குவது ஒரு டெஸ்டே இல்லை. உள்ளங்கை பாரம் எங்கே, இடுப்பு பாரம் எங்கே! மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, விற்பனைக்குப் பெண் ஊழியர் இருக்கிற கடையாகத் தேடி அழைத்துப் போனேன். நானும் அப்பாவும் வெளியே டீக்கடையில் நின்றுகொண்டோம். ஒவ்வொரு மெத்தையிலும் பத்து நிமிடம், இரண்டு பக்கமும். அம்மா அங்கேயே கண் அசந்துவிட்டதாக அக்கா வந்து சொன்னாள்.

"லக்ஸுரி" பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்குக்கு மேலே போடுகிற அடுக்கில்தான் அந்த வார்த்தை குடியிருக்கிறது. மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி உருவத்துக்கு ஏற்ப அமையும், நல்ல சாமான்தான். ஆனால் சூட்டைப் பிடித்து வைக்கும். சித்திரை வைகாசியில் வேலூர் வெயிலுக்கு ஏ.சி. இல்லாத வீட்டில் அது வேண்டாம் என்பேன். லேடெக்ஸ், ரப்பர் பாலிலிருந்து வருவது, காற்றோட்டம் உண்டு, நெடுநாள் உழைக்கும், விலைதான் கடிக்கும். ஃபோமில் "40 டென்சிட்டி, நல்லா கெட்டி தம்பி" என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. அதற்கும் கெட்டித்தன்மைக்கும் நேர்ச் சம்பந்தம் கிடையாது. டென்சிட்டி அதிகமானால் அமுங்கிப் போகாமல் நாள்பட உழைக்கும், அவ்வளவுதான். மேல்துணியில் தங்கக் கரை, குஞ்சம் இதற்கெல்லாம் கொடுக்கிற காசு, பெட்ஷீட் விரித்தவுடன் மறைந்துவிடும்!

கடைசியில் அக்காவுக்கு 75-க்கு 60, எட்டு அங்குல பாக்கெட் ஸ்பிரிங், நடுத்தரக் கெட்டி, மேலே சாதாரண நல்ல ஃபோம், குஞ்சம் இல்லாதது. பேரம் பேசி 18 ஆயிரத்துக்கு முடிந்தது. மிச்சத்தில் அம்மாவுக்கு நாலு அங்குலத் தேங்காய் நார் மெத்தை, மேலே ஒரு அங்குல ஃபோம் வைத்தது, ஒற்றை ஆள் அளவு. நாளெல்லாம் மெஷின் முன்னால் குனிந்து உட்காருகிறவர், ஒருக்களித்துத்தான் படுப்பார். முழங்காலுக்கு இடையில் வைக்க ஒரு தலையணையும் சேர்த்து வாங்கினேன். வந்த அன்றே அதைச் சுவரோரம் நிறுத்தி, "யாராச்சும் விருந்தாளி வந்தா போடலாம்" என்று பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டார். பத்து நாள் அப்படியே நின்றது. பதினோராவது நாள் அப்பா பேசாமல் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா மெத்தையில்தான். இடுப்பு வலி போயே போச்சு என்று சொல்லமாட்டேன். காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறார்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். ஸ்பிரிங் மெத்தைக்கு அடியில் சமமான பலகை வேண்டும்; நாடாக் கட்டிலில் போட்டால் எந்த ஸ்பிரிங்கும் வளைந்துதான் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். வாரண்டி அட்டையில் எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் படித்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் மெத்தையில் ஒரு அங்குலம் பள்ளம் விழுந்தது, அட்டையில் ஒன்றரை அங்குலம் என்று இருந்ததால் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அப்புறம், கையோடு டேப் எடுத்துப் போங்கள். ரெடிமேட் மெத்தையின் நீளம் 72, 75, 78 அங்குலம். நம் ஊர் ஆசாரி செய்த கட்டிலின் உள்ளளவோ அவர் மனசுப்படி இருக்கும். எங்கள் கட்டில் அளந்தால் எழுபத்து நாலே முக்கால்! அளவு கொடுத்துத்தான் செய்யச் சொன்னோம், வர மூன்று வாரம் ஆயிற்று. ஆவணி முகூர்த்தம் என்றால் ஆடி பிறந்ததுமே ஆர்டர் கொடுத்துவிடுங்கள், தள்ளுபடியும் கிடைக்கும்.